எழுத்தைக் கடைசியில் பாருங்கள்: பழைய பிரிட்டிஷ் வெள்ளியின் முத்திரைகளைப் படிப்பது எப்படி

பழைய வெள்ளிக் கரண்டி ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் காம்பின் பின்பக்கம் நாலைந்து குட்டி முத்திரைகள் குத்தியிருக்கும். ஒரு சிங்கம், ஒரு மனிதத் தலை, ஒரு எழுத்து, இரண்டு இனிஷியல். புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் எழுத்தைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். எந்த எழுத்து எந்த வருடம் என்று காட்டும் அட்டவணையைத் திறந்தால் அந்த ஒரே எழுத்துக்கு ஐந்தாறு வருடங்கள் கிடைக்கும். அவற்றில் எது மிகப் பழையதோ அதுதான் நம்முடையது என்று ஆசை சொல்லும். அங்கேயே கோளாறு தொடங்குகிறது.

பார்க்க வேண்டிய வரிசை இது: சிங்கம், ஊர், தலை, அதன் பிறகே எழுத்து, கடைசியாகச் செய்தவர் பெயர். லண்டன் பழம்பொருள் சந்தையில் வாங்கியதோ, தேயிலைத் தோட்ட பங்களாச் சாமான்களோடு வந்து சேர்ந்ததோ, பிரிட்டிஷ் வெள்ளி எதுவானாலும் இந்த வரிசை பொருந்தும். மிகச் சில நாட்டு முத்திரைகளே இவ்வளவு துல்லியமாக வருடம் சொல்லும். அதனால் படிக்கத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

துடைப்பதற்கு முன்

நம் வீடுகளில் வெள்ளி என்றால் கை தானாக விபூதிக்கோ பல்பொடிக்கோ போகும். புளி போட்டுத் தேய்ப்பவர்களும் உண்டு. முத்திரை உள்ள இடத்தில் இதெல்லாம் வேண்டாம். அந்த முத்திரையின் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தலைமுறை தலைமுறையாகத் தேய்த்ததில் ஏற்கெனவே பாதி போயிருக்கும். பள்ளத்தில் தங்கியிருக்கும் கறுப்புதான் உருவத்தை எடுத்துக் காட்டுகிறது. வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும், மெத்தென்ற பருத்தித் துணியும் போதும். அலுமினியத் தாளும் சோடா மாவும் போட்டு ஊறவைக்கும் வித்தை பளபளப்பைக் கொடுக்கும், ஆனால் பள்ளத்துக் கறுப்பையும் சேர்த்து எடுத்துவிடும்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று (நகைக்கடைகளில் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அதுதான்), ஒரு டார்ச், கிராம் காட்டும் சிறிய தராசு. டார்ச்சை மேலிருந்து அடித்தால் எல்லாம் ஒரே வெளிச்சமாகிவிடும். பக்கவாட்டில், மேற்பரப்பை உரசிக்கொண்டு போகிற மாதிரி வெளிச்சம் விழ வேண்டும். தெளியாவிட்டால் முத்திரையின் மேல் வாயால் ஊதிப் பாருங்கள். மூச்சின் ஈரம் படிந்து விலகும் அந்த ஓரிரு நொடியில் விளிம்புகள் தெரியும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கியும் பார்க்கலாம். பல கோணங்களில் எடுங்கள். ஒரே படத்தில் எல்லா முத்திரையும் தெளிவாக விழுவது அபூர்வம்.

உரைகல், அமிலச் சோதனை இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். அவை தழும்பு விடும்.

முதலில் சிங்கம்

இடப்பக்கம் பார்த்து, ஒரு முன்காலைத் தூக்கிக்கொண்டு நடக்கும் சிங்கம் இருந்தால் அது இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் வெள்ளி. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. தரம் பழையது: எட்வர்ட் மன்னர் காலத்தில், 1300-ல், சட்டமாகவே வந்துவிட்டது. சிங்கம் அதற்கு வெகு பின்னால், 1544-ல் வந்தது. எட்டாம் ஹென்றி நாணயத்தில் செம்பைக் கலந்து மட்டமாக்கிக்கொண்டிருந்த காலம் அது. காசுதான் அப்படி, பாத்திர வெள்ளி அப்படியில்லை என்று காட்ட ஒரு அடையாளம் தேவைப்பட்ட நேரம்.

லண்டன் சிங்கத்தின் முகத்தைக் கவனியுங்கள். 1821 வரை அது தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கும். அதன் பிறகு நேராகத் தான் போகும் வழியைப் பார்க்கும். தேய்ந்துபோன முத்திரையில் இது தெரியாமல் போகலாம், தெரிந்தால் பெரிய உதவி.

சிங்கத்துக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கும் பெண் உருவம் இருந்தால் அது பிரிட்டானியா, 958 தரம். வெள்ளி நாணயங்களை வெட்டியும் உருக்கியும் பாத்திரமாக்குவது பெருகிவிட்டதால், பாத்திர வெள்ளியின் தரத்தை நாணயத்தைவிட உயர்த்தி 1697-ல் சட்டம் போட்டார்கள். நாணயத்தை உருக்கினால் பாத்திரத்துக்குப் போதாது என்ற கணக்கு. 1720 வரை அது கட்டாயம்; பிறகு விருப்பப்பட்டவர் செய்துகொள்ளலாம் என்றானது. ஆகவே பிரிட்டானியாவைப் பார்த்ததும் முந்நூறு வருடப் பழசு என்று குதிக்க வேண்டாம், இன்றும் அந்தத் தரத்தில் செய்கிறார்கள். அதோடு, டப்ளின் வெள்ளியிலும் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவள் ஹைபெர்னியா, அயர்லாந்தின் உருவம். பக்கத்தில் கிரீடம் வைத்த யாழ் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

ஸ்காட்லாந்து வெள்ளியில் நடக்கும் சிங்கம் இருக்காது. எடின்பரோவில் 1759 முதல் 1975 வரை திஸில் என்ற முட்பூ அந்த இடத்தில் நின்றது.

சிங்கமும் இல்லை, பிரிட்டானியாவும் இல்லை, யாழும் இல்லை, முட்பூவும் இல்லை என்றால் பெரும்பாலும் இரண்டே வழி. ஒன்று, வேறு நாட்டுச் சாமான். இல்லாவிட்டால் முலாம். முலாம் பூசியவர்கள் தந்திரக்காரர்கள். பர்மிங்ஹாமின் எல்கிங்டன் கம்பெனி 1840-ல் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு வந்த சரக்குகளில் இ, பி, என், எஸ் என்ற நான்கு எழுத்துகளைத் தனித்தனிக் கேடயத்துக்குள் அலங்காரமாகக் குத்தியிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் ஹால்மார்க் மாதிரியே இருக்கும். அதன் பொருள் நிக்கல் கலவையின் மேல் பூசிய வெள்ளி என்பதுதான். 'ஏ1' என்று இருந்தால் முலாம் கனம் என்று கம்பெனி பெருமையடிக்கிறது, அவ்வளவே. சாய்சதுர வடிவில் மூலைகளில் எழுத்தும் எண்ணும் உள்ள முத்திரையும் பலரை ஏமாற்றும். அது 1842 முதல் 1883 வரை வடிவமைப்பைப் பதிவு செய்ததற்கான அடையாளம். வெள்ளியின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அடுத்தது ஊர்

சோதனைச்சாலை என்பது வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரை குத்தும் இடம். எந்த ஊர்ச் சோதனைச்சாலை என்று தெரியாமல் எழுத்தைப் படிக்கவே முடியாது. ஒவ்வொரு ஊரும் தன் எழுத்து வரிசையைத் தனியாக ஓட்டியது.

லண்டன் என்றால் சிறுத்தைத் தலை. பார்க்க முகம் சப்பட்டையான பூனை போல இருக்கும். 1478 முதல் 1821 வரை அதன் தலையில் கிரீடம் உண்டு, பிறகு இல்லை. இந்த ஒரு விவரத்தை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்குக் கிரீடம். கடலே இல்லாத பர்மிங்ஹாமுக்கு நங்கூரம் எப்படி வந்தது? இரண்டு ஊரும் சோதனைச்சாலை கேட்டு லண்டனில் மனுப்போட்ட காலத்தில் அவர்கள் கூடிப் பேசிய விடுதியின் பெயர் 'கிரீடமும் நங்கூரமும்' என்றும், ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் அனுமதி கிடைத்தது 1773-ல். ஷெஃபீல்டு 1975-ல் கிரீடத்தை விட்டு ரோஜாவுக்கு மாறியது.

எடின்பரோவுக்கு மூன்று கோபுரக் கோட்டை. கிளாஸ்கோவுக்கு ஒரு மரம், அதில் பறவை, மணி, மீன். செஸ்டருக்குக் கதிர்க்கட்டுகள் மூன்றும் ஒரு வாளும். எக்ஸிட்டருக்கும் மூன்று கோபுரக் கோட்டை உண்டு. எடின்பரோவோடு குழம்பினால், நடக்கும் சிங்கம் இருப்பது எக்ஸிட்டர். நியூகாசிலுக்குத் தனித்தனியாக மூன்று கோட்டைகள். இவற்றில் இன்றும் சோதனைச்சாலை நடப்பது லண்டன், பர்மிங்ஹாம், ஷெஃபீல்டு, எடின்பரோ நான்கில்தான்.

டீஸ்பூன் போன்ற சின்னச் சாமான்களில் லண்டன்காரர்கள் சிறுத்தைத் தலையைக் குத்தாமலே விட்டதுண்டு. அதற்காகப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

தலை இருக்கிறதா, எந்தப் பக்கம் பார்க்கிறது

என்னைக் கேட்டால் புதியவருக்கு இதுதான் மிகப் பயனுள்ள முத்திரை. அமெரிக்கப் போரில் காலியான கஜானாவுக்காக வெள்ளிச் சாமான் மேல் அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி போட்டார்கள். வரி கட்டியாயிற்று என்பதற்கு அடையாளமாக 1784 டிசம்பர் 1 முதல் ஆள்பவரின் தலையைக் குத்தினார்கள். 1890-ல் வரி நீங்கியது, தலையும் நின்றது.

ஆக, தலை இருந்தால் இந்த நூறு வருடச் சொச்சத்துக்குள். இல்லாவிட்டால் அதற்கு முன்னாலோ பின்னாலோ. இன்னும் நெருங்கலாம். முதல் ஒன்றரை வருடம், அதாவது 1786 வரை, மூன்றாம் ஜார்ஜின் தலை இடப்பக்கம் பார்க்கும். அதுவும் மேடாக இல்லாமல் பள்ளமாக இருக்கும். அப்புறம் மேடான தலை, வலப்பக்கம் பார்வை. நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் இருவரும் வலப்பக்கம்தான். விக்டோரியா ராணி இடப்பக்கம் பார்ப்பார், பின்கொண்டையோடு. தலை முழுக்கத் தேய்ந்து வெறும் உருளையாகத் தெரிந்தாலும் மூக்கு எந்தப் பக்கம் என்பது மட்டும் பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

1935 வாக்கில் செய்த சில சாமான்களில் ராஜா, ராணி இருவர் தலையும் ஒன்றாக இருக்கும். அது வெள்ளி விழா நினைவு முத்திரை, வரியோடு தொடர்பில்லை.

இப்போது எழுத்து

எழுத்து முத்திரை 1478-ல் லண்டனில் வந்தது. பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்துக்கே சாமானைக் கொண்டுவந்து சோதித்து முத்திரை வாங்க வேண்டும் என்று ஏற்பாடானது அப்போதுதான். மண்டபத்தில் குத்துவதால்தான் அது ஹால்மார்க். எந்த வருடம் யார் சோதனை அதிகாரி என்று பின்னால் பிடிப்பதற்குத்தான் எழுத்து. மட்டமான வெள்ளிக்கு முத்திரை கொடுத்தவர் தப்ப முடியாது. ஐந்து நூற்றாண்டு கழித்து நாம் வயது கணக்கிட உதவும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

லண்டன் வரிசை ஏ-யில் தொடங்கி யூ-வில் முடியும். நடுவில் ஜே கிடையாது. மொத்தம் இருபது எழுத்து, இருபது வருடம். முடிந்ததும் எழுத்து வடிவையோ கேடயத்தின் வடிவையோ மாற்றிக்கொண்டு மறுபடி ஏ. நம் பிரபவ, விபவ வருடங்கள் மாதிரிதான்: ஒருவர் பிரபவ வருடத்தில் பிறந்தார் என்றால் 1927-ஆ 1987-ஆ என்று ஆளைப் பார்த்துத்தானே சொல்கிறோம்.

லண்டனின் சின்ன 'கே' எழுத்தையே எடுத்துக்கொள்வோம். சிங்கம் இருக்கிறது, சிறுத்தைத் தலை இருக்கிறது, ஊர் லண்டன். மிகப் பழையவற்றை விட்டுவிட்டால் அட்டவணை 1745, 1785, 1825, 1865, 1905, 1925 என்று ஆறு வருடம் காட்டுகிறது. சிறுத்தைக்குக் கிரீடம் உண்டா? உண்டு என்றால் 1745 அல்லது 1785. அரசர் தலை பள்ளமாக, இடப்பக்கம் பார்த்து இருந்தால் 1785. தலையே இல்லை என்றால் 1745. கிரீடம் இல்லாமல், தலை வலப்பக்கம் பார்த்தால் 1825. ராணி இடப்பக்கம் பார்த்தால் 1865. எழுத்தும் அப்போது பழைய கோதிக் பாணியில் கொம்பும் முனையுமாக இருக்கும். கிரீடமும் இல்லை, தலையும் இல்லை என்றால் 1905 அல்லது 1925, இந்த இரண்டை மட்டும்தான் எழுத்து வடிவத்தால் பிரிக்க வேண்டும்: சாதாரண அச்செழுத்து 1905, கோதிக் 1925. பாருங்கள், எழுத்து வடிவத்தை நுணுக்கமாகப் பார்க்க வேண்டிய அவசியம் கடைசியில்தான் வந்தது.

இன்னொன்று. லண்டனில் எழுத்து மாறுவது மே மாதம். அதனால் 1825 என்றால் 1825 மே முதல் 1826 மே வரை. பர்மிங்ஹாமிலும் ஷெஃபீல்டிலும் ஜூலையில் மாறும். பர்மிங்ஹாம் வரிசை நீளமானது, இருபத்தைந்து இருபத்தாறு எழுத்து ஓடும். ஷெஃபீல்டு 1824 வரை எழுத்துகளை அகர வரிசையில் போடாமல் குலுக்கிப் போட்டது. அங்கே ஊகிக்கவே வேண்டாம், அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். சின்னச் சாமானில் கிரீடத்தையும் எழுத்தையும் ஒரே அச்சில் குத்தும் பழக்கமும் ஷெஃபீல்டுக்கு இருந்தது. 1975 முதல் எல்லா ஊருக்கும் ஒரே எழுத்து, ஜனவரியில் மாற்றம். 1999 முதல் எழுத்து கட்டாயமே இல்லை.

அட்டவணைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சட்டைப் பையில் அடங்கும் புத்தகங்களும் உண்டு. சந்தைக்குப் போகிறவருக்கு நான் புத்தகத்தையே சொல்வேன். போன் திரையைவிட அதில் கேடய வடிவங்களை ஒப்பிடுவது சுலபம்.

செய்தவர் பெயர்

1739-க்குப் பிறகு பெரும்பாலும் செய்தவர் பெயர், குடும்பப் பெயர் இரண்டின் முதல் எழுத்துகள் இருக்கும். 1697 முதல் 1720 வரை குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். இதில் ஆசை நம்மை இழுத்துக்கொண்டு போகும். சாய்ந்த கையெழுத்தில் 'ஹெச் பி' என்று கண்டதும் ஹெஸ்டர் பேட்மன் என்று முடிவு கட்டுவார்கள். கணவர் இறந்தபின் 1761-ல் தன் பெயரில் முத்திரை பதிந்து பட்டறையை நடத்தி, 1790-ல் ஓய்வு பெற்றவர் அவர். அதற்குப் பிந்தைய எழுத்துள்ள கரண்டியில் அவர் முத்திரை இருக்க வாய்ப்பில்லை. அதனால்தான் வருடத்தை முதலில் முடிவு செய்துவிட்டுப் பெயருக்கு வர வேண்டும். அதோடு, அந்த முத்திரையின் சொந்தக்காரர்தான் தன் கையால் தட்டிச் செய்தார் என்றும் இல்லை. சோதனைக்கு அனுப்பியவர் முத்திரை அது. பட்டறை முதலாளியாக இருக்கலாம், கடைக்காரராகவும் இருக்கலாம்.

முத்திரை உண்மை, சாமான் பொய்

முத்திரையைச் சரியாகப் படித்தாயிற்று. அது இந்தச் சாமானுக்கே உரியதா என்று ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது.

1720 முதல் 1758 வரையும் அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி இருந்தது. பெரிய ஜாடிக்கு வரி கட்ட மனமில்லாதவர்கள் ஒரு சின்னச் சாமானைச் சோதனைக்கு அனுப்பி, முத்திரை வாங்கி, அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிய ஜாடியின் அடியில் பற்றவைத்துவிட்டார்கள். பிற்காலப் போலிக்காரர்களுக்கும் இதே வழி பிடித்திருந்தது. கண்டுபிடிக்க அதே மூச்சு வித்தைதான்: ஊதினால் பற்றவைத்த கோடு முத்திரையைச் சுற்றி வட்டமாகத் தெரியும். முத்திரைகள் ஒரு சின்ன வட்டத்துக்குள் நெருக்கியடித்து நின்றாலும் சந்தேகப்படுங்கள்.

கரண்டியில் இடம் முக்கியம். ஏறத்தாழ 1780 வரை முத்திரைகள் காம்பின் கீழ்ப்பகுதியில், குழிக்குப் பக்கத்தில் இருக்கும். குத்தியதில் காம்பு நசுங்கியிருக்கும். அதற்குப் பிறகு மேல்நுனிப் பக்கம், வரிசையாக. பழைய முள்கரண்டிகள் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். அதனால் கரண்டியின் குழியைத் தட்டி வெட்டி முள்கரண்டியாக்கியவர்கள் உண்டு. முட்கள் மெலிந்து, விகிதம் ஏதோ இடறினால் நகர்ந்துவிடுங்கள். டீ பாட், காபிப் பாத்திரம் என்றால் மூடியையும் பாருங்கள். மூடியில் சிங்கமும் செய்தவர் முத்திரையுமாவது இருக்க வேண்டும், அவை அடியில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும்.

பலர் தவறவிடுவது அடியில் ஊசியால் கீறியது போன்ற எண்கள். அது செய்த அன்றைய எடை. 15, 10 என்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பதினைந்து டிராய் அவுன்ஸ், பத்து பென்னிவெயிட். டிராய் அவுன்ஸுக்கு 31.1 கிராம், இருபது பென்னிவெயிட் ஒரு அவுன்ஸ். ஆக 482 கிராம். தராசில் வையுங்கள். சில கிராம் குறைந்தால் தேய்மானம். ஐம்பது கிராம் கூடினால் யாரோ பின்னால் கைப்பிடியோ மூக்கோ ஒட்டவைத்திருக்கிறார்கள்.

பிரிட்டன் அல்லாதவை, சுருக்கமாக

எண்கோணத்துக்குள் தலைக்கவசம் அணிந்த பெண் தலை பிரான்ஸ், 1838-க்குப் பிறகு. பிறையும் கிரீடமும் 800 என்ற எண்ணும் ஜெர்மனி, 1888 முதல். 84 என்ற எண் ரஷ்யா. 875 தரத்துக்குச் சமம். 'ஸ்டெர்லிங்' என்று சொல்லாகவே எழுதியிருந்து சிங்கம் இல்லாவிட்டால் பெரும்பாலும் அமெரிக்கா.

ஆங்கிலேயர் கால இந்தியாவில் அரசுச் சோதனைச்சாலை கிடையாது. கல்கத்தா ஹாமில்டன் கம்பெனி, மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் தங்கள் பெயரையோ எழுத்துகளையோதான் குத்தினார்கள். சில கம்பெனிகள் யானை, எழுத்து என்று ஆங்கில ஹால்மார்க் தோற்றம் வரும்படி சேர்த்துக்கொண்டன. பூஜ் நகரத்து ஊமர்சி மவ்ஜி 'ஓ.எம். பூஜ்' என்று குத்தினார். மெட்ராஸ் 'சுவாமி' வேலைப்பாட்டில், அதாவது தெய்வ உருவங்கள் புடைத்து நிற்கும் டீ செட்டுகளில், முத்திரையைவிட வேலைப்பாடே ஊரைச் சொல்லிவிடும். நம் பாட்டிமார் விட்டுப்போன குத்துவிளக்கிலும் சந்தனப் பேலாவிலும் ஹால்மார்க் தேடுவது வீண். இந்தியாவில் வெள்ளிக்கு அரசு ஹால்மார்க் 2005-ல்தான் வந்தது.

முடித்த பிறகு

சந்தேகம் தீராத விலையுயர்ந்த சாமானை லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் பழம்பொருள் குழு பார்த்துச் சொல்லும். பிரிட்டனில் முத்திரை இல்லாமல் 7.78 கிராமுக்கு மேற்பட்ட எதையும் வெள்ளி என்று சொல்லி விற்கக் கூடாது. 1950-க்கு முன் செய்தவற்றுக்கு, தரத்தை நிரூபிக்க முடிந்தால், விலக்கு உண்டு. விற்கும் எண்ணம் இருந்தால் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்: ஊர், வருடம், செய்தவர், எடை, யாரிடமிருந்து வந்தது. சீட்டை நூலால் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் போட வேண்டாம், அதிலுள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு இழுத்துவிடும். அது சோப்புத் தண்ணீருக்குப் போகாது.